கரை ஒதுங்கிய முகவரிகள்

நுழையும்முன்

மனிதர் எறிந்த பொருள் எறிந்த இடத்திலேயே கிடப்பதில்லை. மழையும் ஆறும் கடல் நீரோட்டமும் அதனைச் சுமந்து சென்று, மனிதர் வாழாத பனிக்கரையிலும் சேர்க்கின்றன. அவ்வாறு ஒதுங்கும் நெகிழிப் பொருள்களை எண்ணி, வகைப்படுத்தி, அவை எங்கிருந்து வந்தன என்று ஆராய்வது இன்று ஓர் அறிவியல் துறையாக வளர்ந்துள்ளது. கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்திற்கும் வடதுருவத்தின் கரைக்கும் இடையே உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலிலிருந்து வந்த சங்கு

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. கரிசல் நிலமும் கண்மாய்களும் மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறுகளுமே அதன் நீர்வளம். ஆயினும் அம்மாவட்டத்தின் வேம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரையிலுள்ள தொல்மேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு ஆற்றில் விளைவதன்று. அது கடலிலிருந்து உள்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட பொருள். உடைந்துபோனது என்று யாரோ ஒருவர் ஒதுக்கிய வளையல் துண்டு, பழங்காலத்தில் இவ்வூருக்கும் கடலுக்கும் இடையே இருந்த வணிகத் தொடர்புக்கு இன்று சான்றாகிறது.

தொல்லியலாளர் ஆராய்வனவற்றுள் பெரும்பகுதி முன்னோர் கழித்த பொருள்களே. உடைந்த பானை ஓடு, சிதறிய மணி, எரிந்த எலும்பு ஆகியவற்றிலிருந்தே அக்கால மக்களின் உணவும் தொழிலும் வணிகமும் அறியப்படுகின்றன. ஆனால், பொருளை எடுப்பது மட்டும் ஆய்வாகாது. எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எத்தனை கிடைத்தன என்று பதிவு செய்தால்தான் அது சான்றாகும்.

நம் காலத்தின் குப்பையை ஆராய்வோரும் இதே ஒழுங்கைப் பின்பற்றுகின்றனர். அவர்கள் மண்ணைத் தோண்டுவதற்கு மாறாகக் கரையை அளக்கின்றனர்.

நூறு மீட்டர்க் கரை

கடற்கரையைத் தூய்மை செய்தல் வேறு, கண்காணித்தல் வேறு. தூய்மைப் பணியில் குப்பை அகற்றப்படுகிறது. அடுத்த பருவத்தில் அதே கரையில் மீண்டும் குப்பை சேரும்போது, அது முன்பைவிடக் கூடியதா, குறைந்ததா, அதே வகைதானா என்னும் வினாக்களுக்கு அப்பணி விடை தருவதில்லை. அவ்விடையைத் தருவதே கண்காணிப்பின் நோக்கம்.

வடகிழக்கு அட்லாண்டிக் பெருங்கடலைப் பாதுகாப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் 1992இல் செய்துகொண்ட உடன்படிக்கை 'ஓஸ்பார்' எனப்படுகிறது. ஆஸ்லோ, பாரிஸ் ஆகிய இரு நகரங்களின் பெயர்களிலிருந்து உருவான சொல் இது. இவ்வமைப்பு வகுத்த முறை உலகெங்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி, கடற்கரையில் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் இரு எல்லைகளும் குறிக்கப்படும். ஆண்டுக்கு நான்கு முறை, பருவத்திற்கு ஒன்றாக, அதே பகுதியில் கிடக்கும் பொருள்கள் அனைத்தும் எண்ணப்படும். மூடி, புட்டி, கயிறு, வலைத் துண்டு, உணவுப் பொட்டலம், சிகரெட் அடிக்கட்டை என்று நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பட்டியலில் ஒவ்வொன்றும் தனித்தனியே பதியப்படும். எண்ணிய பின் அவை அகற்றப்படும். அடுத்த பருவத்தில் காணப்படுவது இடைக்காலத்தில் வந்து சேர்ந்தது என்று கொள்வதற்கு இவ்வாறு அகற்றுதல் இன்றியமையாதது.

இம்முறையின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆனால், மூன்று ஒழுங்குகள் கட்டாயம் காக்கப்பட வேண்டும். இடம் மாறக்கூடாது, பட்டியல் மாறக்கூடாது, ஒரு வகைப் பொருள் கிடைக்காதபோது 'இல்லை' என்று பதிய மறக்கக்கூடாது. இல்லை என்பதும் ஒரு செய்தி. ஒரு பொருளுக்குத் தடை விதிக்கப்பட்ட பின் அப்பொருளின் எண்ணிக்கை குறைகிறதா என்பதை அறிய, தடைக்கு முந்தைய எண்ணிக்கையும் பிந்தைய எண்ணிக்கையும் ஒரே முறையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணிக்கையோடு எடையும் தேவை. ஒரு கரையில் நூறு மூடிகளும் ஒரு பெரிய மீன்வலையும் கிடந்தால், எண்ணிக்கையில் மூடிகளே மிகுதி. எடையில் வலையே மிகுதி. எண்ணிக்கையை மட்டும் நோக்குபவர் வலையை மறப்பார். எடையை மட்டும் நோக்குபவர் மூடியை மறப்பார்.

பனிக்கரையில் ஓர் ஆய்வு

மக்கள் கூடும் கரையில் குப்பை கிடப்பது வியப்பன்று. மக்களே இல்லாத கரையில் அது கிடக்கும்போதுதான் வினா எழுகிறது. நார்வே நாட்டின் வடக்கே, வடதுருவத்திற்கு அண்மையில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் உள்ளது. அங்குள்ள நை ஆலசுண்டு என்னுமிடத்தில்தான் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக்கிடக்கும் இத்தீவுகளில் மக்கள்தொகை மிகக் குறைவு. இங்குள்ள கரைகளில் குவியும் நெகிழியின் பெரும்பகுதி, அங்கு வாழ்வோர் எறிந்ததன்று.

இத்தகைய கரையில் கண்காணிப்புப் பணி எளிதன்று. குளிர்காலத்தில் கரையே கண்ணுக்குத் தெரியாது, சூரியனும் தோன்றாது. எனவே, பருவத்திற்கொரு முறை என்னும் விதியை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது. கோடையில் பனி விலகும் சில வாரங்களுக்குள் பணியை முடிக்க வேண்டும். சாலைகள் இல்லாமையால் படகில்தான் செல்ல இயலும். பனிக்கரடி வரக்கூடும் என்பதால் காவலும் தேவை. குளிரும் குறைந்த சூரிய ஒளியும் நெகிழி சிதையும் வேகத்தைத் தணிக்கின்றன. எனவே, இன்று காணப்படும் பொருள் அண்மையில் வந்ததா, பல்லாண்டுகளுக்கு முன் வந்ததா என்று கூறுவதும் கடினம்.

இத்தடைகளைக் கடக்க ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் ஆய்வு நிறுவனம் ஒரு வழியைக் கண்டது. ஸ்வால்பார்டுக்குக் கப்பலில் வரும் சுற்றுலாப் பயணியருக்குப் பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டே கரையின் குப்பையைச் சேகரித்துப் பதிவு செய்தது. 2016 முதல் 2021 வரை நடைபெற்ற இப்பணியில், ஏறத்தாழ 23,000 பொருள்கள் சேகரிக்கப்பட்டன. அவற்றின் எடை சுமார் 1,620 கிலோகிராம். எடையில் பெரும்பங்கு மீன்பிடித் தொழிலில் பயன்படும் வலைகளும் கயிறுகளுமே.

எழுத்தும் குறியும் சிதையாதிருந்த பொருள்களிலிருந்து அவற்றின் பிறப்பிடம் ஆராயப்பட்டது. ரஷ்யா, நார்வே போன்ற வடதுருவ நாடுகளின் பொருள்கள் மிகுதியாக இருந்தன. அதே வேளையில், தொலைவிலுள்ள ஜெர்மனியின் பொருள்களும் சீனா, பிரேசில் போன்ற நாடுகளின் பொருள்களும் காணப்பட்டன. ஆனால், பிறப்பிடம் அறியத்தக்க வகையில் எழுத்து எஞ்சியிருந்த பொருள்கள், மொத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றே. மற்றவை யாருடையவை என்று சொல்ல இயலாதவை.

தெரிந்து தெளிவோம்

தென் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹெண்டர்சன் தீவில் மனிதர் வாழ்வதில்லை. அருகிலுள்ள பெரிய மக்கள் குடியிருப்பே 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. 2015இல் அங்குச் சென்ற ஆய்வாளர்கள், அத்தீவின் கரைகளில் ஏறத்தாழ 3 கோடியே 77 இலட்சம் நெகிழித் துண்டுகள் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டனர். அவற்றின் எடை சுமார் 17.6 டன்.

லேபிளின் மொழி

பிறப்பிடத்தைக் காட்டும் அந்தச் சிறிய எழுத்துதான் சிவகாசியை இவ்வாராய்ச்சியோடு இணைக்கிறது. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று ஊர் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தொழிலிலிருந்து பட்டாசுத் தொழில் கிளைத்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள்கள் தேவைப்பட்டன. அத்தேவையிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. நாட்காட்டி, குறிப்பேடு, பொட்டலச் சுற்று, லேபிள் எனப் பல்வகை அச்சுப் பொருள்கள் இன்று சிவகாசியிலிருந்து நாடெங்கும் செல்கின்றன. 'குட்டி ஜப்பான்' என்று புகழப்படும் இந்நகரம், பொருள்களுக்குப் பெயரும் முகவரியும் எழுதித்தரும் நகரமாகவும் விளங்குகிறது.

கரையில் ஒதுங்கிய பொருளை ஆராய்பவர் முதலில் தேடுவது அந்தப் பெயரையும் முகவரியையுமே. உற்பத்தியாளர் பெயர், ஊர், தயாரித்த நாள், மொழி, பட்டைக்குறி ஆகியவை அப்பொருளின் பயணத்தைச் சொல்லும். தயாரித்த நாளிலிருந்து அது எத்தனை ஆண்டுகள் பழைமையானது என்று கணக்கிடலாம். எழுத்தின் மொழியிலிருந்து எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று அறியலாம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், நெகிழிப் பைகளிலும் பல அடுக்குப் பொட்டலங்களிலும் உற்பத்தியாளரின் பெயரும் பதிவு எண்ணும் அச்சிடப்பட வேண்டும் என்று கூறுகின்றன. பொருளுக்குப் பொறுப்பானவர் யார் என்பதை அறிய அவ்வெழுத்து உதவுகிறது.

ஆனால், இங்கு ஒரு சிக்கல் உள்ளது. பட்டாசை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெயரும் முகவரியும் அதன் தாள் லேபிளிலும் அட்டைப்பெட்டியிலும் உள்ளன. வெடித்தபின் தாள் கிழிகிறது. மழையில் நனைந்து மண்ணோடு மட்குகிறது. சில வகை வாணவெடிகளில் பயன்படும் நெகிழி மூடியும் அடித்தாங்கியும் உறையும் மட்குவதில்லை. அவற்றின்மீது பெரும்பாலும் எழுத்தும் இருப்பதில்லை. பெயர் தாங்கிய பகுதி முதலில் அழிய, பெயரற்ற பகுதி நெடுங்காலம் நிலைக்கிறது. மற்றப் பொருள்களிலும் இதே நிலை உண்டு. புட்டியின் லேபிள் உரிந்துவிடும், மூடி மிஞ்சும். பொட்டலத்தின் மை வெளிறிவிடும், படலம் மிஞ்சும்.

இதனால் ஒரு நீதிப் பிழையும் நேரக்கூடும். தெளிவாக, அழியாதவாறு பெயர் பொறித்த உற்பத்தியாளரின் பொருளே பட்டியலில் மீண்டும் மீண்டும் இடம்பெறும். பெயரே பொறிக்காதவரின் பொருள் 'அறியப்படாதவை' என்னும் வரிசையில் மறைந்துவிடும். எனவே, கண்காணிப்பு அறிக்கையைப் படிப்பவர், அறியப்பட்டவற்றின் எண்ணிக்கையை மட்டுமன்றி, அறியப்படாதவற்றின் எண்ணிக்கையையும் நோக்க வேண்டும். அடையாளம் காணப்பட்ட ஒரு விழுக்காட்டைக் கொண்டு மற்றத் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டின் மீதும் தீர்ப்பு எழுதுவது முறையாகாது.

பெயர் இல்லாத பொருளுக்கும் வடிவம் உண்டு. அதனால்தான் பட்டியலில் வகைகள் இத்தனை நுட்பமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியக் கடற்கரைகளுக்கான பொதுப் பட்டியலில் வாணவெடிகளின் நெகிழி எச்சங்களுக்குத் தனி வகை ஒன்று உள்ளது. கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சென்ற பொருளும் இறுதியில் கரையில் எண்ணப்படுகிறது என்பதை அது காட்டுகிறது.

வைப்பாற்றின் வழி

சிவகாசிக்கு வடக்கே அர்ச்சுனா நதியும் தெற்கே வைப்பாறும் ஓடுகின்றன. இருக்கன்குடியில் இரண்டும் கூடுகின்றன. பின்னர் வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தின் வழியே சென்று, சிப்பிகுளம் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. முன்னொரு காலத்தில் கடற்சங்கு வந்து சேர்ந்த நிலப்பகுதியிலிருந்து, இன்று நெகிழி கடலை நோக்கிச் செல்ல வழியுள்ளது.

வைப்பாறு ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறன்று. வறண்ட மாதங்களில் எறியப்படும் பொருள்கள் ஆற்று மணலிலும் ஓடைக் கரைகளிலும் அசையாமல் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும்போது, பல மாதங்களாகத் தேங்கியவை சில நாள்களில் அடித்துச் செல்லப்படுகின்றன. தீபாவளியும் ஐப்பசி அடைமழைக் காலத்தை ஒட்டியே வருகிறது. பண்டிகை நாளில் தெருக்களில் சிதறிய பட்டாசு எச்சங்களும் பொட்டலங்களும் உடனே பெருக்கி அகற்றப்படாவிடில், அடுத்து வரும் மழை அவற்றை ஓடைக்குக் கொண்டுசெல்லும். தீபாவளிக்கு மறுநாள் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், தம்மையறியாமலேயே கடலையும் காக்கிறார்.

வெள்ளத்தில் சென்றவை அனைத்தும் கடலை அடைவதில்லை. கண்மாய்களும் இருக்கன்குடி போன்ற நீர்த்தேக்கங்களும் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்தும். அவ்வாறு நிற்பவை அங்கேயே சிறு துண்டுகளாகச் சிதையும். 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகள் நுண்நெகிழி எனப்படும். எனவே, ஒரு கண்மாய்க் கரையும் கடற்கரையைப் போலவே கண்காணிக்கத் தக்கது. பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அதே இடத்தில் எண்ணினால், அவ்வூரின் குப்பை தேங்குகிறதா, வெளியேறுகிறதா என்பது புலப்படும்.

வைப்பாறு சென்று சேரும் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் அமைந்துள்ளன. பவளப் பாறைகளும் கடற்புல் படுகைகளும் நிறைந்த இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் 'ஆவுளியா' என்றழைக்கும் கடற்பசு இக்கடற்புல்லையே உண்டு வாழ்கிறது. கைவிடப்பட்ட வலைகள் பவளப் பாறைகளைச் சுற்றி இறுக்குகின்றன. மிதக்கும் நெகிழிப் பையை இழுதுமீன் என்று கருதி ஆமைகள் விழுங்குகின்றன.

பனிக்கடலிலும் இதே துன்பம் உண்டு. ஃபுல்மார் என்னும் கடற்பறவை நீர்ப்பரப்பில் மிதப்பதை இரையென்று கொத்தி உண்கிறது. இறந்து கரை ஒதுங்கும் ஃபுல்மார்களின் இரைப்பையை ஆராய்ந்து, அங்குள்ள நெகிழியின் அளவைக் கொண்டு கடலின் தூய்மையை மதிப்பிடும் முறை ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ளது. 0.1 கிராமுக்கு மேல் நெகிழி உடைய பறவைகள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்ட இலக்கு. வட கடலில் ஆராயப்பட்ட பறவைகளுள் ஏறத்தாழப் பாதி அவ்வளவைக் கடந்திருந்தன.

எண்ணிக்கை சட்டமாகும்போது

எண்ணிக் குறித்த தாள்கள் கோப்பில் உறங்கினால் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் கடற்கரைகளில் எடுத்த கணக்குகளைக் கொண்டு, மிகுதியாகக் காணப்பட்ட பத்து வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களைக் கண்டறிந்தது. மீன்பிடிக் கருவிகளோடு சேர்ந்து அவையே கடற்குப்பையில் 70 விழுக்காடு என்பது தெரிந்தது. அதன் விளைவாக 2019இல் சட்டம் இயற்றப்பட்டது. உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி போன்றவற்றுக்குத் தடை வந்தது. கரைகளில் மூடிகள் தனியே கிடந்தமையால், புட்டியிலிருந்து பிரியாத மூடியே பொருத்தப்பட வேண்டும் என்னும் விதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கரையில் எவரோ குனிந்து எண்ணிய மூடிகள், ஆலையின் அச்சு வடிவத்தையே மாற்றிவிட்டன.

அளவீடு நீதிமன்றத்திலும் சான்றாகிறது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றிப் பின்னர் மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 டன் நெகிழிக் குருணைகள் இலங்கையின் மேற்குக் கரையில் குவிந்தன. கடலுக்கும் மீனவர் வாழ்வுக்கும் நேர்ந்த கேட்டினை வல்லுநர் குழுக்கள் மதிப்பிட்டன. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. இழந்ததை எண்ணிச் சொல்ல இயன்றால்தான் ஈடு கேட்க இயலும் என்பதற்கு இது சான்று.

தமிழ்நாடு அரசு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. இவை எந்த அளவு பயன் தந்தன என்பதை ஒவ்வோர் ஊரும் தன் ஓடைக்கரையிலேயே அறிய முடியும். அதற்கு நூறு மீட்டர் நிலமும், மாறாத ஒரு பட்டியலும், ஆண்டுதோறும் அதே இடத்திற்குத் திரும்பி வரும் பொறுமையும் போதும்.

வேம்பக்கோட்டையில் வாழ்ந்த முன்னோர் விட்டுச்சென்றவை சங்கும் மணியும் சுடுமண்ணும். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே வைப்பாற்றங்கரையை அகழ்வோர், நம் காலத்து அடுக்கில் நெகிழியைக் காண்பர். அந்த அடுக்கு எவ்வளவு தடிமனாக அமையும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் கண்மாய், ஓடை அல்லது ஆற்றின் கரையில் பாதுகாப்பான பகுதியொன்றை ஆசிரியர் துணையுடன் தேர்ந்தெடுத்து, அங்குக் கிடக்கும் பொருள்களை வகைப்படுத்தி அட்டவணையாக்குக. பருவமழைக்குப் பின் அதே பகுதியில் மீண்டும் எண்ணி ஒப்பிடுக.

2. பெயர் அறியப்பட்ட பொருள்கள், அறியப்படாத பொருள்கள் என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுக.

3. 'பொருளைச் செய்தவர், விற்றவர், பயன்படுத்தியவர் – குப்பைக்குப் பொறுப்பானவர் யார்?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.